சாடியில் நின்ற தடி

ஒரு பட்ட தடியை என் கணவர் பனிக்காலம் முழுக்கச் சுகம் விசாரித்தார். தண்ணீர் விட்டாயா, வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தாயா என்று தினமும் கேட்டார். இலை இல்லையென்று பயப்படாதே, அது நித்திரை கொள்கிறது என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். யாழ்ப்பாணத்தில் கோயில் வீதியில் நின்று, போனை நாலு பேருக்குத் திருப்பித் திருப்பிக் காட்டி, கனடாவில் தான் வளர்க்கும் செரி என்று நெஞ்சை நிமிர்த்தினார். இந்த மனுசனோடுதான் நான் முப்பது வருசத்துக்கு மேல் குடும்பம் நடத்துகிறேன். எனக்குப் பொறுமை இல்லை என்று யாராவது சொன்னால் அவர்களை ஒரு கிழமை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விடவேண்டும்.

அந்தத் தடி எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

ஸ்காபரோவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் நான் நெடுங்காலம் வேலை செய்தேன். பழம் வைத்துச் சுடுகிற டார்ட்தான் அங்கே முக்கியம். புளிச்செரி வாளி வாளியாக வரும். கையுறை போட்ட கையால் மாக்கிண்ணத்துக்குள் அளவாக வைக்கவேண்டும். மேற்பார்வைக்காரி அந்தப் பக்கம் திரும்பினால் நான் ஒன்றை வாயில் போடுவேன். அந்தப் புளிப்புக்கு ஒரு கண் தானாக மூடும், பிறகுதான் இனிப்பு வரும். சாப்பாட்டு விசயத்தில் எனக்கென்று பெரிய ஆசைகள் கிடையாது, ஆனால் அதில் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. இத்தனை ஆயிரம் டார்ட்டுக்குள் அந்தப் பழத்தை வைத்திருக்கிறேன், மரத்தில் நிற்கக் கண்டதில்லை. தொழிற்சாலையை மூடிக்கொண்டு போனபோது நான் மனதுக்குள் நினைத்தது இதைத்தான்: ஒருநாளாவது அந்தப் பழத்தை என் கையால் மரத்திலிருந்து பறிக்கவேண்டும்.

அடுத்த வசந்தத்தில் மகள் லக்சிகா என்னை நாற்றுக்கடைக்குக் கூட்டிப்போனாள். குள்ள இனப் புளிச்செரி என்று ஒரு கன்று. என் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வளரும், அதற்குமேல் போகாது. காய்ப்பதற்குப் பக்கத்தில் இன்னொரு மரமும் தேவையில்லை என்று கடைப் பெண் சொன்னாள். அதுவே எனக்குப் பிடித்தது. இருந்த கன்றுகளில் நேராய் நின்றதை நானே தெரிவு செய்தேன். காரின் பின்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீடு டோர்செட் பார்க்கில், மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் இருக்கிற சின்ன வீடுகளில் ஒன்று. பின்வளவு என் கணவருடைய இராச்சியம். கறிவேப்பிலை, முருங்கை, தேசி, மல்லிகை எல்லாம் உருட்டிப்போகச் சில்லுப் பூட்டிய சாடிகளில் நிற்கும். தொலைக்காட்சியில் உறைபனி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், என் மனுசன் அன்புராசா வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார். அத்தனை சாடியும் பேஸ்மென்ட்டுக்குப் போகும். அங்கே அதுகளுக்கு ஹீற்றர், ஊதா விளக்கு, ஈரப்பதத்துக்கு ஒரு மெசின். எனக்கு முழங்கால் வலிக்கு ஒரு சுடுதண்ணீர்ப் பை கேட்டு மூன்று தரம் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

கறிவேப்பிலை தழைத்ததுதான் பிழையாய்ப் போனது. அது தழைத்த நாளிலிருந்து அவர் தன்னை ஒரு விற்பன்னராக நினைத்துக்கொண்டார். ஊர்ச்சங்கத்தில் வீட்டுத்தோட்டம் பற்றிப் பேச்சு. வட்ஸப் குழுவில் தினமும் ஒரு அறிவுரை. சங்கத் தலைவர் சச்சிதானந்தன் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். இவர் எதைச் சொன்னாலும் அவர் தலையை ஆட்டுவார், அவர் எதைச் சொன்னாலும் இவர் தலையை ஆட்டுவார். இரண்டு தலையும் ஆடுகிறபடியால் யாருக்காவது விசயம் தெரிந்திருக்கும் என்று சனம் நம்பியது.

நான் கன்றை நிலத்தில் வைக்கக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தபோது மேலே நின்று பார்த்தார்.

"உதை நிலத்தில வைச்சா விண்டருக்குச் செத்துப்போம்," என்றார். "உன்ர கைக்கு ஒண்டும் வராது. இஞ்ச தா."

உன்ர கைக்கு ஒண்டும் வராது. இந்த வசனம் கலியாணம் கட்டின புதிதில் நான் நட்ட ஒரு ரோசாக் கன்று பட்டுப்போனபோது தொடங்கியது. பிறகு தண்ணீர் ஊற்றினாலும் இதே வசனம், வெண்டிக்காய் பிடுங்கினாலும் இதே வசனம். விருந்துக்கு வந்தவர்களுக்கு முன்னால் பகிடி போலச் சொல்வார், அவர்களும் சிரிப்பார்கள். இந்தக் கையால் இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன், வீட்டுக் கடனில் பாதியைக் கட்டினேன். ஒரு செரிக் கன்றைத் தொட இந்தக் கைக்குத் தகுதி இல்லையாம். கன்று சாடிக்குப் போனது. ஐப்பசி பிறக்கமுதல் சாடி கறிவேப்பிலையோடு பேஸ்மென்ட்டுக்குப் போனது.

அடுத்த வசந்தத்தில் இலை வந்தது, பூ வரவில்லை. அதற்கடுத்த வசந்தத்திலும் பூ வரவில்லை, இலையும் வெளிறிப்போய் வந்தது. சின்னக் கன்றுதானே என்றார். பிறகு உரம் காணாது என்று மீன் கழுவின தண்ணீர் ஊற்றினார். வளவு முழுக்க நாறியது.

வேலிக்கு அந்தப் பக்கம் வேரோனிக்கா இருக்கிறாள். போலந்துக்காரி, புருசன் இல்லை, தனியே இருந்து வளவைப் பார்க்கிறாள். என் முழுப்பெயரைச் சொல்ல அவளுக்கு நாக்குப் புரளாது. மங்கையற்கரசியில் அரசியை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஒருநாள் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, இந்த மரம் பனிக்காலத்தில் எங்கே போகிறது என்று கேட்டாள். ஹீற்றருக்குப் பக்கத்தில் என்று சொன்னேன். வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

பிறகு விளங்கப்படுத்தினாள். இந்த மரத்துக்குக் குளிர் வேண்டும். நல்லாய்க் குளிரில் கிடந்து எழும்பினால்தான் மொட்டு விரியும். கதகதப்பில் வைத்தால் அதற்குப் பனிக்காலம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, எப்போது பூப்பது என்றும் தெரியாது. அவள் பிறந்த இடத்தில் எல்லா வீட்டிலும் இந்த மரம் முழங்கால் அளவு பனியில் நிற்குமாம், யாரும் திரும்பியும் பார்ப்பதில்லையாம்.

அன்றைக்கே சாப்பாட்டுக்கு இருந்தபோது அவரிடம் சொன்னேன். புட்டைக் குழைத்துக்கொண்டே கேட்டார்.

"குளிர் வேணுமெண்டு கேக்கிற மரத்தை நீ எங்கயாவது கேள்விப்பட்டனியே?"

யன்னலுக்கு வெளியே தெருவில் மேப்பிள் நின்றது. எதிர்வீட்டில் அப்பிள் மரம் நின்றது. எல்லாம் வருசாவருசம் பனியில் நின்று வருசாவருசம் தழைக்கிற மரங்கள். நான் கையைக் காட்டினேன்.

"அதுகள் இஞ்ச நிண்டு பழகின மரங்கள்," என்றார். "இது கடையில வாங்கினது."

சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன்.

பூக்காத மூன்றாம் வசந்தத்தில் அவருக்குக் காரணம் கிடைத்தது. வேரோனிக்காவின் கண்ணூறு. வேலிக்கு மேலால் பார்த்துப் பார்த்துத்தான் மரம் இப்படி நிற்கிறதாம். பழைய செருப்பு ஒன்றை மரத்தில் கட்டினார். தன்னுடையதைக் கட்டவில்லை, என்னுடையதைக் கட்டினார். அதோடு விட்டாரா? காய்க்காத மரத்தைக் கத்தி காட்டி வெருட்டவேண்டும் என்று அடுத்த ஞாயிறு மீன் வெட்டுகிற கத்தியோடு வந்து நின்றார். ஒருவர் வெட்டப் போகவேண்டும், மற்றவர் மரத்துக்காகக் கெஞ்சவேண்டும், அதுதான் முறை. கெஞ்சுகிற வேலை எனக்கு.

"உன்னை இண்டைக்கு வெட்டிப் போடுறன்," என்று அவர் மரத்தைப் பார்த்து உறுக்கினார்.

"வெட்டாதேங்கோ," என்றேன். "வாற வருசம் காய்க்கும்."

சத்தமாய்ச் சொல்லட்டாம், மரத்துக்குக் கேட்கவேண்டுமாம். திரும்பவும் சொன்னேன். வேரோனிக்கா உடுப்புக் காயப்போட்டபடி பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தக் கெஞ்சலில் நடிப்பு இருக்கவில்லை. செருப்பைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, வெளிறின இலையோடு, தன் பிழை என்னவென்று தெரியாமல் அந்த மரம் நின்றது.

அந்த இலையுதிர்காலத்தில்தான் கடவுள் கண் திறந்தார். ஊர்க் கோயிலில் புது மண்டபம் கட்டுகிறார்கள், மேற்பார்வைக்கு அன்புராசா வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. மண்டபத்துத் தூணில் பெயர் வெட்டுவார்களாம். இவர் ஐப்பசிக் கடைசியில் போய்ச் சித்திரைக்குத்தான் திரும்புவது என்று முடிவானது. போகமுதல் எல்லாச் சாடிகளையும் கீழே இறக்கினார். ஒவ்வொன்றுக்கும் எனக்குப் பாடம் எடுத்தார். செரியின் முன்னால் மட்டும் கொஞ்சநேரம் கூட நின்றார். எதையும் உன் எண்ணத்துக்குச் செய்யாதே, தினமும் வீடியோவில் காட்டு, நான் சொல்கிறபடி செய் என்றார். ஓமென்றேன்.

அவர் விமானம் ஏறின மற்ற நாள் நானும் வேரோனிக்காவும் சாடியைப் படியால் தூக்கி வெளியே கொண்டுவந்தோம். மண் இன்னும் இறுகவில்லை. என் வளவில் வைத்தால் வந்த கையோடு கிளறி எடுத்துவிடுவார், அல்லது போனில் சொல்லிச் சச்சிதானந்தனைக் கொண்டு கிளறுவிப்பார். அதனால் அவளுடைய வளவில், வேலியிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கிடங்கு வெட்டினோம். செருப்பை அவிழ்த்துக் குப்பையில் எறிந்தேன். மரத்தை நான் பிடித்துக்கொள்ள அவள் மண்ணைத் தள்ளி மிதித்தாள். மண் தன்னுடையது, மரம் என்னுடையது, எப்போது வேண்டுமென்றாலும் வேலிக் கதவால் வந்து போ என்றாள்.

அடுத்த காலை போன் வந்தது. கறிவேப்பிலையைக் காட்டினேன், முருங்கையைக் காட்டினேன்.

"செரியைக் காட்டு."

வெறும் சாடி மூலையில் கிடந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை. போனில் சார்ஜ் இறங்குகிறது என்று சொல்லி வெட்டினேன். சால்வையைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். இலை வாரி வைக்கிற பழுப்புத்தாள் பைகள் வீட்டுக்கு வீடு றோட்டோரம் நின்றன. ஒன்றில் மேப்பிள் கொப்பு ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்துவந்து குசினிக் கத்தியால் அடியைச் சரிவாய்ச் சீவிச் சாடியில் குத்தி, மண்ணை அமத்திவிட்டுத் திரும்ப எடுத்தேன்.

நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாயிருக்கு," என்றார். "முந்தியவிடத் திடமாய் நிக்குது. இலை கொட்டினது நல்லதுக்குத்தான்."

முதல் கிழமை பயமாய் இருந்தது. அடுத்த மாதம் சிரிப்பாய் இருந்தது. நானும் வேரோனிக்காவும் கோப்பி குடிக்கும்போது அவர் சொன்னதை அவளுக்கு நடித்துக் காட்டுவேன். பிறகு சிரிப்பும் போய்விட்டது. வருசக்கணக்காய்த் தன் கையால் தூக்கி இறக்கின மரத்துக்கும் குப்பைப் பையில் கிடந்த தடிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மரத்தின் தோல் நிறம் தெரியவில்லை, கொப்பு பிரிகிற விதம் தெரியவில்லை. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் என் கையைப் பற்றி ஊருக்குத் தீர்ப்புச் சொன்னாரா? அதை நினைக்க நினைக்க எனக்கு அவர் முகத்தைத் திரையில் பார்க்கவும் பிடிக்கவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் போனுக்குள் முகத்தைக் கொண்டுவந்தார்.

"பொறு, பொறு. மேல பார். மொட்டு."

அது கணு. மேப்பிள் தடியில் எப்போதும் இருந்த கணு. அவர் கோயிலில் நின்ற சனத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சொல்லிச் சச்சிதானந்தனும் பூட்ஸைக் கழற்றிவிட்டு எங்கள் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி வந்தார். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மொட்டுத்தான் என்று உறுதிப்படுத்திப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். கை கூப்பினவர்கள் எத்தனை, வாழ்த்தினவர்கள் எத்தனை. அண்ணைக்குக் கைராசி அப்படி என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது என் மரம் வேலிக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு பனியில் நின்றது. குசினி யன்னலால் பார்த்தால் தெரியும். மாசியில் ஒரு கிழமை, மூச்சு விட்டால் மூக்குக்குள் உறைகிற குளிர் அடித்தது. பயந்துவிட்டேன். வேரோனிக்கா கவலைப்படாதே என்றாள், நான் கவலைப்பட்டேன். மரம் செத்தால் அவர் சொன்னதெல்லாம் சரியாகிவிடும். குளிர் பற்றிச் சொன்னதும் சரியாகிவிடும், என் கையைப் பற்றிச் சொன்னதும் சரியாகிவிடும். பிறகு சாகும்வரை அந்த வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பழம் தின்கிற ஆசையில் தொடங்கின விசயம் எனக்கு எங்கே வந்து நிற்கிறது என்று அந்தக் கிழமைதான் தெரிந்தது.

சித்திரையில் அவர் வந்தார். பெட்டியைத் திறக்கமுதல் பேஸ்மென்ட்டுக்குத்தான் போனார். தடியைத் தடவிப் பார்த்தார். மொட்டு ஏன் இன்னும் அப்படியே இருக்கிறது என்று என்னைக் கேட்டார். நீங்கள்தான் நித்திரை என்றீர்களே என்றேன். வைகாசி தொடங்கச் சாடிகளை வெளியே எடுத்தார். தடியை நல்ல வெயிலில் வைத்து, பழையபடி மீன் தண்ணீர் ஊற்றினார்.

அந்த மாத நடுவில் ஒரு காலை நான் யன்னல் சீலையை இழுத்தேன். வேரோனிக்காவின் வளவில் என் மரம் வெள்ளையாய் நின்றது. ஒரு கொப்பு விடாமல் பூ. நான் செருப்புப் போடாமல் வேலிக் கதவால் ஓடினேன். கிட்டப்போய் நின்று அழுதேன். வேரோனிக்கா இரவு உடுப்போடு வந்து பக்கத்தில் நின்றாள். என் கை நட்ட மரம். என் கைக்கு வந்தது.

அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தபோதுதான் கண்டார். வெள்ளைக்காரி இதை எப்போது நட்டாள் என்று கேட்டார். போன வருசம் என்றேன். பொய் இல்லை. அப்போதே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். பழம் வரட்டும், பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வோம் என்று அடக்கிக்கொண்டேன். அவர் வேலிக்குப் போய், என்ன பசளை போடுகிறாய், என்ன விளக்கு வைத்தாய் என்று வேரோனிக்காவை விசாரித்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, ஒன்றும் செய்யவில்லை, பனியில் சும்மா விட்டேன் என்றாள்.

திரும்பி வந்து குரலைத் தணித்து எனக்குச் சொன்னார்.

"உவையள் ரகசியத்தை வெளியில விடாயினம்."

ஆடியில் பழுத்தது. நல்ல சிவப்பு, வெயிலுக்குப் பிடித்தால் உள்ளே கொட்டை தெரிகிற சிவப்பு. நானும் வேரோனிக்காவும் ஒரு மத்தியானம் நின்று பறித்தோம். முதல் பழத்தை அவள் என்னைத்தான் பறிக்கச் சொன்னாள். வாயில் போட்டேன், ஒரு கண் மூடியது. தொழிற்சாலை வாளியில் கிடந்தது இதன் கால்தூசிக்கும் வராது. வீட்டுக்கு வந்து கைக்குத் தெரிந்த அளவில் டார்ட் சுட்டேன். ஞாயிறு பின்னேரம் சச்சிதானந்தனும் மனைவியும் தேத்தண்ணிக்கு வருவதாக இருந்தது. அன்றைக்குச் சொல்வது என்று முடிவெடுத்தேன்.

பின்வளவில் கதிரை போட்டு இருந்தார்கள். தட்டை வைத்தேன். வேரோனிக்கா வீட்டு மரத்துப் பழம் என்று என் கணவர் அவர்களுக்கு விளக்கம் கொடுத்தார். ஒரு கடி கடித்து முகத்தைச் சுளித்தார்.

"புளி. நான் வளத்திருந்தா இனிச்சிருக்கும்."

சச்சிதானந்தன் தலையை ஆட்டினார். பிறகு பேச்சு சாடிக்குத் திரும்பியது. சாடியில் நின்றது இன்னும் தழைக்கவில்லையே என்று அவர் கேட்க, இவர் பெருமூச்சு விட்டார். மொட்டோடு நின்ற மரம், தான் இல்லாத நேரத்தில் இவள் கவனிக்கவில்லை என்றார். கையை விரித்துச் சிரித்தபடி அந்த வசனத்தையும் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள்.

நான் தேத்தண்ணிக் கேத்திலைக் கீழே வைத்தேன்.

"அது என்ர மரம்," என்றேன். "நீங்கள் பிளேன் ஏறின மற்ற நாள் கொண்டுபோய் அங்க நட்டது நான். சாடியில நிக்கிறது றோட்டில குப்பைக்கு வைச்ச மேப்பிள் தடி. விண்டர் முழுக்க நீங்கள் பாத்தது அதைத்தான்."

சச்சிதானந்தனின் மனைவி கோப்பையை மடியில் வைத்தார். நான் என் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம் வரும், வெட்கம் வரும், இரண்டில் ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வந்தது இரக்கம். சுகமில்லாத பிள்ளையைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு சச்சிதானந்தனிடம் திரும்பினார்.

"பாத்தியளே. என்ர மரத்தைச் சாகவிட்டிட்டு, மற்றவளின்ர மரத்துக்கு உரிமை கொண்டாடுறா. இவவின்ர கைக்கு உது பூத்ததாம்."

விடுங்கோ அண்ணை, வயதுபோனால் எல்லாருக்கும் மனம் தடுமாறும்தானே என்று சச்சிதானந்தன் சமாதானம் சொன்னார். என் கணவர் பகிடி பண்ணவில்லை. உண்மையிலேயே நம்பவில்லை, இருவரும் நம்பவில்லை. இவ்வளவு காலமும் நான்தான் இந்த மனுசனை இளக்காரமாய் நினைக்கிறேன் என்று இருந்தேன். அவருக்கு என்மேல் இருந்ததைப் பார்த்தால் என்னுடையது ஒன்றுமே இல்லை. கண்முன்னால் மரம் நிற்கிறது, வாய்க்குள் பழம் இருக்கிறது, செய்தவள் நானென்று நானே சொல்கிறேன். அதைவிட ஒரு பட்ட தடி தழைக்கும் என்று நம்புவது அவருக்குச் சுலபமாய் இருந்தது. எனக்கு வலித்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்லாய் வலித்தது.

நேரே சாடியடிக்குப் போனேன். தடியை இரண்டு கையாலும் பிடித்தேன். நான் பிடுங்கப் போகிறேன் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கதிரையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"விடு, விடு, பிடுங்காதை. வாற வருசம் காய்க்கும்."

அந்த வசனத்தை எனக்குச் சொல்லித் தந்ததே அவர்தான். நான் இழுத்தேன். தடி ஒரு வேர் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. நான் சீவின சரிவு அப்படியே இருந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். பிறகு முழங்காலில் வைத்து முறித்தேன், காய்ந்த சத்தம் கேட்டது. அவர் முறிந்த துண்டை எடுத்துக் கணுவைத் தடவியபடி படியில் குந்திவிட்டார்.

"மொட்டு விட்ட மரமடி," என்றார்.

அன்று பின்னேரமே குழுவில் செய்தி போய்விட்டது. அன்புராசா அண்ணையின் செரியை மனைவி கோபத்தில் முறித்துவிட்டா. ஊரிலிருந்தெல்லாம் துக்கம் விசாரித்தார்கள். லக்சிகா போன் எடுத்துக் கத்தினாள். "அம்மா, உங்களிட்டப் போட்டோஸ் இருக்குத்தானே, ஜஸ்ட் காட்டுங்கோவன்." இருக்கிறது. கிடங்கு வெட்டினது, நட்டது, பனியில் நின்றது எல்லாம் வேரோனிக்காவின் போனில் இருக்கிறது. காட்டமாட்டேன் என்றேன். ஏனென்று அவளுக்கு விளங்கவில்லை. அவர் நம்பினால் அடுத்த நாளே வேலிக்கு மேலால் ஏறி மரத்துக்குக் கம்பளி சுற்றத் தொடங்கிவிடுவார். நம்பாதவரைக்கும் அந்த மரத்தில் ஒருத்தரும் கை வைக்கமாட்டார்கள். நான் பின்னேரங்களில் வேலிக் கதவால் போய் அதனடியில் கதிரை போட்டு இருப்பேன். வெள்ளைக்காரியோடு ஊர்க்கதை என்று அவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

இப்போது ஐப்பசி. மண்டபத்துக்கு மண்டலாபிஷேகமாம், தூணில் வெட்டின இவர் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார்களாம், அதையும் பார்த்து வெட்டுவிக்கவேண்டுமாம். வாற கிழமை திரும்பவும் போகிறார். போன ஞாயிறு நாற்றுக்கடையில் கழிவுவிலைக்குப் போட்டிருந்தார்கள் என்று இன்னொரு குள்ளச் செரிக் கன்றை வாங்கிவந்து அதே சாடியில் வைத்தார். தண்ணீர் ஊற்றச் சச்சிதானந்தனுக்கு வீட்டுத் திறப்புக் கொடுத்திருக்கிறார்.

"இந்த முறை நீ கிட்டப் போகாதை," என்று எனக்குச் சொன்னார். ஓமென்றேன்.

கன்று நல்ல கன்று. நேராய் நிற்கிறது. ஹீற்றருக்குப் பக்கத்தில் ஊதா விளக்கின்கீழ் ஒன்றும் விளங்காமல் நிற்கிறது.

காலையில் வேலியடியில் வேரோனிக்காவிடம் சொன்னேன். அவள் மண்வெட்டியால் தன் வளவில், என் மரத்துக்குப் பக்கத்தில், ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். தாராளமாய் இடம் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பி வரும்போது பார்த்தேன், றோட்டோரம் இலைப் பைகள் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை அவசரமில்லை. நின்று நிதானமாய்ப் பார்த்து, கணு அதிகமுள்ள தடியாக ஒன்றை எடுத்துவந்தேன்.